எந்தக் கறையை வெளுப்பது?

1

எங்கள் வீட்டில் ஒரு பட்டாளத்துப் பை இருக்கிறது. கித்தான் பை. ஒரு காலத்தில் காக்கி. இப்போது அந்த நிறத்துக்குப் பெயர் கிடையாது. புழுதி, அடுப்புப் புகை, எண்ணெய், மழைத் தண்ணி எல்லாம் சேர்ந்து ஊறிய ஒரு நிறம். பித்தளைக் கொக்கிகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறது. தோளில் மாட்டும் பட்டைகள் இரண்டும் இற்றுப்போய்விட்டன. இரண்டாம் உலகப்போர் முடிந்து தாத்தா ஊர் திரும்பியபோது கொண்டுவந்தது.

போன வருசம் என் தங்கச்சி மகன் அதைப் பரணிலிருந்து இறக்கினான். கல்லூரியில் படிக்கிறவன். "மாமா, இம்புட்டு நல்ல பைய இப்பிடிப் போட்டு வச்சிருக்கீங்களே. சரி பண்ணி, நல்லா வெளுத்து, சாயம் போட்டுக் குடுங்க. நான் காலேஜுக்குத் தூக்கிட்டுப் போறேன்" என்றான்.

"என்ன சாயம்டா மாப்ள?"

"இதென்ன கேள்வி? நீலம்தான்."

எனக்குச் சந்தோசமாக இருந்தது. பட்டாளத்துப் பேரன் நீலப் பை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகிறான். இதைவிட என்ன வேண்டும்? உடனே வேலையில் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் ஒரு கேள்வி வந்து காலைக் கட்டியது. பழைய பைக்குச் சாயம் போடுவதில் என்ன பெரிய அறப் பிரச்சினை என்று தோழர்கள் சிரிக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பொருளைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தால், இது அழுக்கு, இது பொருளின் சொந்த நிறம் என்று ஒவ்வொரு இடத்திலும் நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. எது அழுக்கு என்று தீர்ப்புச் சொல்கிற வேலையை இந்தச் சமூகம் இரண்டாயிரம் வருசமாக நமக்கு எதிராகச் செய்துவந்திருக்கிறது. அந்தத் தீர்ப்பை இப்போது நானே சொல்ல வேண்டும் என்று வந்தபோது கை நின்றுவிட்டது.

2

தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் படையில் இருந்தவர். துப்பாக்கியோடு மண்வெட்டியும் பிடிக்கிற படை அது. ரோடு போடுவது, பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது. பெங்களூரில் பயிற்சி, பிறகு பர்மா. "சண்டை போட்டீங்களா" என்று கேட்டால், "சண்டைக்காரன் நடக்க ரோடு போட்டோம்" என்பாராம். அப்பத்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பிறக்கும் முன்பே அவர் செத்துப்போனார்.

பையின் மூடிக்கு உள்பக்கம் மையில் குத்திய அகன்ற அம்புக்குறி ஒன்று உண்டு. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் சொத்து என்பதற்கான குறி அது. அதற்குக் கீழே தாத்தாவின் படை எண். பேர் இல்லை, எண் மட்டும். சிப்பாய்க்கு அந்த எண்தான் பேர். பறையன் என்று மட்டுமே கூப்பிடப்பட்ட ஒருவனுக்கு எண்ணால் கூப்பிடப்படுவது விடுதலையாகக்கூட இருந்திருக்கும். எண்ணுக்குச் சாதி கிடையாது.

நாம் பட்டாளத்துக்குப் போன கதை நீளமானது, கசப்பானது. 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் சாப்பர்களில் பறையர் சமூகத்து ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்தார்கள். பாபாசாகேப் அம்பேத்கர் 1891இல் பிறந்ததே மாவ் என்ற பட்டாள ஊரில்தான். அப்பா ராம்ஜி சக்பால் படையில் சுபேதார், பட்டாளத்துப் பள்ளியில் ஆசிரியர். ஊருக்குள் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்க முடியாதவர்கள், பட்டாளத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு 'போர் மரபினர்' என்று ஒரு கதையை வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான். 1880களில் முதலில் மதராஸ் படைக்கும், பிறகு இந்தியப் படை முழுவதுக்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டினார். மதராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. 1890களில் மகர்களைச் சேர்ப்பது நின்றது. முதல் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டதும் 1917இல் மகர்களுக்கு ஒரு படைப்பிரிவு. போர் முடிந்து சில வருசத்தில் கலைப்பு. திரும்ப 1941இல் மகர் ரெஜிமெண்ட். 1943இல் சாமர் ரெஜிமெண்ட், 1946இல் அதுவும் கலைப்பு. சாவதற்கு ஆள் வேண்டும் என்றால் தீட்டு கிடையாது. சம்பளம், மரியாதை என்று வந்தால் தீட்டு வந்துவிடும்.

இந்தக் கம்பம் பள்ளத்தாக்குக்கே பட்டாளத்தானின் கை பட்டிருக்கிறது. 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியதில் மதராஸ் பயனியர் படையின் முதலாவது, நான்காவது பட்டாலியன்கள் வேலை செய்தன. மலைக்காய்ச்சலில் ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். லோயர் கேம்ப் என்று இன்றைக்கும் பஸ்ஸில் பேர் போட்டு வருகிறதே, அது அந்த வேலைக்குப் போட்ட கேம்ப்தான். பென்னிகுவிக்குக்கு அங்கே 2013இல் மணிமண்டபம் திறந்தார்கள். சந்தோசம். அவர் செய்த வேலைக்கு அது தகும். கல் சுமந்து செத்த பயனியர்களுக்கு? அவர்களுக்கும் எண் இருந்திருக்கும். அந்த எண் எந்தப் பையில் இருந்ததோ, அந்தப் பையை யார் எப்போது வெளுத்தார்களோ. அவர்கள் கொண்டுவந்த தண்ணீர் பாய்ந்த நிலத்தில் நாம் கூலிக்கு நாற்று நட்டோம்.

தாத்தா ஊர் திரும்பிய கதையை அப்பத்தா பலமுறை சொல்லியிருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி, காலில் பூட்ஸும் தோளில் பையுமாக ஊர்த் தெரு வழியாக வந்திருக்கிறார். சாவடியில் உட்கார்ந்திருந்த ஒருத்தன், "ஏலே, காலுல கெடக்கிறதக் கழட்டிட்டு நட" என்றானாம். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து பூட்ஸைக் கழற்றினார். கையில் தூக்கவில்லை. பைக்குள் போட்டு, கொக்கியை மாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு அதே தெருவில் நிமிர்ந்து நடந்து வந்தார். "பூட்சு கால விட்டுத்தான போச்சு, தோள விட்டுப் போகலையே" என்று அப்பத்தா சொல்லும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நான் வளர்ந்தேன். பையைச் சரிபண்ணப் போகிறேன் என்று கிளம்பியபோது என் மனதில் இருந்ததும் இந்தப் பைதான். அதை 1946ஆம் வருசத்துக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். தாத்தா தோளில் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படி.

3

தங்கச்சிதான் முதலில் மறித்தாள். "அண்ணே, அது தாத்தா பையின்னு யாரு சொன்னா? அது அப்பத்தா பையி."

யோசித்துப் பார்த்தேன். தாத்தா அந்தப் பையைத் தோளில் போட்டது நாலு வருசம் இருக்கும். போர்க்காலத்தில் சேர்ந்து, போர் முடிந்ததும் அனுப்பப்பட்டவர். ஓய்வூதியம் கிடையாது. சீக்கிரமே செத்தும் போனார். அப்பத்தா அந்தப் பையைத் தூக்கியது முப்பத்தைந்து வருசத்துக்கு மேல்.

மலைக்கு மேலே ஏலத்தோட்டம். தேவாரம் பக்கத்துச் சனங்கள் சாக்கலூத்து மெட்டு வழியாக, கம்பத்துச் சனங்கள் கம்பம்மெட்டு வழியாக, போடிச் சனங்கள் போடிமெட்டு வழியாக என்று பள்ளத்தாக்கு முழுக்க விடியுமுன்னே மலை ஏறியது. இப்போது ஜீப்பில் ஆட்டை அடைப்பதுபோல அடைத்துக் கொண்டுபோகிறார்கள். அப்போது நடைதான். அப்பத்தாவின் பையில் என்ன இருக்கும்? கஞ்சித் தூக்குவாளி, ஊறுகாய், வெற்றிலை, மழைக்குப் போர்த்திக்கொள்ளச் சாக்கு, அட்டைப்பூச்சிக்குப் பொகையிலையும் சுண்ணாம்பும். சாப்பர் படையில் சாப்பாட்டுத் தட்டும் தரை விரிப்பும் வைக்கிற இடத்தில் இதெல்லாம்.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்கிறதில்லை. தூரில், மண்ணோடு ஒட்டிக் கிளம்புகிற சரத்தில் காய்க்கும். காய் எடுக்கிறவள் நாள் முழுக்க ஈரத்தில் குந்தியிருக்க வேண்டும். நிமிர்ந்த நடை அங்கே இல்லை. கையெல்லாம் கறுப்பாகக் கறை பிடிக்கும். அந்தக் கை பட்டுப் பட்டுப் பையின் மூடியோரம் கறுத்துப்போனது. நான் தேய்த்து எடுக்க வேண்டும் என்று குறித்து வைத்திருந்த முதல் கறை அதுதான்.

தங்கச்சி சின்னப் பிள்ளையில் லீவு நாளில் அப்பத்தாவோடு தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். அவள் சொன்னது: "சாயங்காலம் வேல முடிஞ்சதும் வரிசையா நிக்க வைப்பாங்க. கங்காணி ஒவ்வொருத்தி பையாத் தலகீழாக் கொட்டுவான், காய் திருடியிருக்காளான்னு. அப்பத்தா பையக் கொட்ட விடாது. அதுவே கொக்கியக் கழட்டி, உள்ளயிருக்கிறத ஒவ்வொண்ணா எடுத்துத் தரையில அடுக்கி வைக்கும். தூக்குவாளி, டப்பா, சாக்கு, எல்லாம் நேர்கோட்டுல. 'இந்தா பாத்துக்க'ங்கும். தாத்தா சொல்லிக் குடுத்ததாம். பட்டாளத்துல தெனமும் இப்பிடித்தான் காட்டணுமாம்."

ஒரே பை இரண்டு சோதனைகளைப் பார்த்திருக்கிறது. பட்டாளத்தில் ஒழுங்குக்காக, தோட்டத்தில் திருட்டுப் பட்டத்துக்காக. திருடியைப்போல நிறுத்தப்பட்ட இடத்தில் அப்பத்தா சிப்பாயைப்போல நின்றிருக்கிறது. இதை நான் ஐம்பது வயசுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன். தாத்தா பூட்ஸ் கழற்றிய கதை எங்கள் தெருவுக்கே தெரியும். அப்பத்தா பை கொட்டாத கதை எனக்கே தெரியாது. ஆண்பிள்ளையின் அவமானம் வரலாறு ஆகிவிடுகிறது. பொம்பளையின் உழைப்பு கறையாகப் படிந்து, வெளுக்க வேண்டிய அழுக்காகி நிற்கிறது.

இன்னொன்றும் சொன்னாள். 1989 செப்டம்பரில் போடிப் பகுதியில் சாதிக் கலவரம் நடந்தது. உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. தேனி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, மதுரை மாவட்டம்தான். எங்கள் ஊருக்குக் கலவரம் வரவில்லை. வந்துவிடும் என்கிற பயம் வந்தது. அப்பத்தா அந்தப் பையில் ரேஷன் கார்டு, எங்கள் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டுகள், ஒரு மாற்றுத் துணி எல்லாம் போட்டு வாசலில் ஆணியில் மாட்டி வைத்தது. ஒரு மாசம் அந்தப் பை அங்கேயே தொங்கியது. "அது பள்ளருக்கும் அவங்களுக்கும் உள்ள சண்ட, நமக்கென்ன" என்று எங்கள் தெருவில் ஒருத்தர் சொன்னதற்கு, "தீ என்ன பேரு கேட்டுட்டா பத்தும்?" என்று கேட்டதாம் அப்பத்தா. தலித் ஒற்றுமை பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

4

தங்கச்சி இதையெல்லாம் சொல்வதற்கு முன்னாலேயே நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

ஆண்டிபட்டிப் பக்கம் சாயப்பட்டறையில் வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் போய்க் கேட்டேன். கித்தான் என்பது கெட்டியாக நெய்த பருத்திதான். பருத்திக்குப் போடுகிற சாயம் எதுவும் அதற்கும் பிடிக்கும். உப்புப் போட்டுக் கொதிக்க வைக்கிற சாயம் உண்டு, சோடா போட்டுக் குளிர்ந்த தண்ணியில் ஏற்றுகிற சாயம் உண்டு. அவுரி போடலாம், தொட்டியிலிருந்து எடுக்கும்போது மஞ்சளும் பச்சையுமாக இருந்து, காற்றுப் பட்டதும் கண் முன்னாலேயே நீலமாக மாறும். கறுப்பு வேண்டுமானால் கடுக்காயும் அன்னபேதியும். ஆனால் அன்னபேதி இரும்புச் சத்து, பழைய நூலை நாளாவட்டத்தில் தின்றுவிடும். "எந்தச் சாயமா இருந்தாலும் ஒண்ணு. உள்ள இருக்கிற எண்ணெ, மெழுகு, அழுக்கு எல்லாம் போயிரணும். சோடாவுல நல்லா ஊற வச்சுத் தேச்சுக் கழுவு. பழசு போனாத்தான் புதுசு பிடிக்கும்" என்றார்.

பட்டாளத்துக் கித்தானுக்குத் தண்ணி உள்ளே போகாமல் இருக்க ஏற்கெனவே பூச்சுப் போட்டிருப்பார்கள். சிப்பாய்கள் அதற்கு மேல் பிளாங்கோ என்று ஒரு நிறப் பசையைத் தண்ணியில் குழைத்துப் பூசிப் பூசி ஒரே நிறமாக வைத்திருக்க வேண்டும்; பூசாவிட்டால் தண்டனை. அதற்கு மேல் அப்பத்தாவின் எண்ணெயும் கறையும். இத்தனையும் போக வேண்டுமே என்று நான் சலவைச் சோடாவைச் சுடுதண்ணியில் கரைத்து ஊற வைத்து, முரட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தேன். வெளிப்பக்கம் தேய்த்த வேகத்திலேயே மூடியைத் திருப்பி உள்பக்கமும் தேய்த்தேன். தண்ணி கறுப்பாக ஓடியது. பார்க்கத் திருப்தியாகக்கூட இருந்தது. காய்ந்த பிறகு பார்த்தால் அம்புக்குறி அப்படியே இருக்கிறது. தாத்தாவின் எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் இல்லை.

அரசாங்கத்தின் மை நின்றது. எங்கள் மை போய்விட்டது.

தாத்தாவின் பட்டாளத்துக் காகிதங்களைக் கரையான் அரித்து ரொம்ப காலம் ஆகிறது. போட்டோ கிடையாது. அவர் சிப்பாயாக இருந்தார் என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே எழுத்து அந்த எண். அது முழுசாக இருந்திருந்தால் படைப்பிரிவின் ஆவணத்துக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். சட்டைப்பையில் செல்போன் இருந்தது. ஒரு படம் பிடித்து வைக்கக்கூடத் தோன்றவில்லை. நம் வரலாற்றை அவன் அழித்தான், இவன் மறைத்தான் என்று முப்பது வருசமாக எழுதிவருகிறவன் நான். இதை அழித்தவன் வேறு யாரும் இல்லை. சுத்தமாக்க வேண்டும் என்கிற வெறியில் நானே என் கையால் தேய்த்தேன்.

மனசு கேட்காமல், முன்பு எங்கள் தெருவுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் குடும்பத்துப் பாட்டியிடம் பையை எடுத்துப் போனேன். நமக்கும் கீழே என்று நாம் வைத்திருந்த சனம். நம்முடைய பேறுகாலத் துணி, சாவுத் துணி எல்லாம் வெளுத்துவிட்டு, ராத்திரி வாசலுக்கு வெளியே நின்று சோறு வாங்கிப்போன சனம். பாட்டி பையை வாங்கி மோந்து பார்த்தது. விரலால் தடவியது. "சோடாப் போட்டியாக்கும்? கித்தானுக்குப் பூந்திக்கொட்டையும் பச்சத்தண்ணியும் போதும். நெசவு போற போக்குல மெல்லத் தேய்க்கணும். நெழல்ல காயப் போடணும்" என்றது. பிறகு கறுத்த மூடியோரத்தைக் காட்டி, "இது அழுக்கில்லப்பா. அழுக்குன்னா தண்ணியில எறங்கும். இது நூலோட சேந்து போச்சு. இத எடுக்கணும்னா நூலத்தான் எடுக்கணும்" என்றது.

இறங்குகிறது அழுக்கு, இறங்காதது நூல். உவர்மண்ணும் வெள்ளாவியுமாக ஊர்க் கறையெல்லாம் பார்த்த கைக்குத் தெரிந்த இந்த வித்தியாசம், புத்தகம் படித்த எனக்குத் தெரியவில்லை. கறையைப் பற்றி இந்த மண்ணில் அதிகம் தெரிந்தவர்களைத்தான் கறை என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். 'வைத்திருக்கிறோம்' என்றுதான் எழுதியிருக்கிறேன். இதில் நமக்கும் பங்கு உண்டு.

5

இனி மருமகனோடு நடந்த சண்டை. கறையை அப்படியே விடப்போகிறேன், சாயம் வேண்டாம் என்று சொன்னதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மாமா, பணக்காரப் பய கிழிஞ்ச பட்டாளத்துப் பை மாட்டிட்டு வந்தா அது ஸ்டைல். புதுப் பையவே கல்லுல தேச்சு வெளுக்க வச்சு, பழசு மாதிரி ஆயிரக்கணக்குல விக்கிறாங்க. நான் இதே பைய மாட்டிட்டுப் போனா என்ன சொல்லுவாங்க? காலனிப் பய, அழுக்குப் பய. ஒங்களுக்கு இது வரலாறு. எனக்கு இது முதுகுல தூக்கிட்டுப் போற நாத்தம்."

இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. அவன் சொல்வதில் இருக்கிற உண்மையை யாரும் மறுக்க முடியாது. பழசைப் பழசாகவே சுமக்கிற சுதந்திரம் எல்லோருக்கும் ஒன்றுபோல இல்லை. தன் உடம்பைப் பார்த்து யாரும் அழுக்கு என்று சொல்ல மாட்டார்கள் என்ற நம்பிக்கை உள்ளவன்தான் அழுக்கான பையை ரசித்து மாட்ட முடியும். 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டில் பெண்களிடம் பேசிய பாபாசாகேப், தீண்டாமையை அடையாளம் காட்டுகிற சேலைக்கட்டையும் நகைகளையும் விட்டுவிடுங்கள், சுத்தமாக உடுத்துங்கள் என்றுதான் சொன்னார். பெண்கள் அப்போதே சேலைக்கட்டை மாற்றினார்கள். அவர் கோட்டும் சூட்டும் போட்டதற்கும் அதுவே அர்த்தம். நல்ல துணி நமக்கு அலங்காரம் கிடையாது, உரிமை. 'தாத்தாவின் கறையைப் போற்று' என்று ஒரு இளைஞனின் முதுகில் ஏற்றி வைக்க நான் யார்?

ஆனால் இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மகாத்தில் பெண்கள் கழற்றியது பிறர் அவர்கள் மேல் மாட்டிய அடையாளத்தை. கங்காணியின் முன்னால் வரிசையாக அடுக்கிக் காட்டிய கையின் கறை, பிறர் மாட்டியதா? அது அப்பத்தாவே போட்டது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு வெளுத்தால், அவமானத்தோடு சேர்த்து உழைப்பையும் எதிர்ப்பையும் வெளுத்துவிடுகிறோம். அவன் தரப்பும் நியாயம், என் தரப்பும் நியாயம். எந்த ஒரு கறையைப் பற்றியும் பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும், யார் வைத்தது இது என்று. நான் வந்து சேர்ந்த இடம் இவ்வளவுதான்.

6

நீலத்தைப் பற்றியும் பேச வேண்டும். நீலம் நம் நிறம். 1942இல் தொடங்கிய அட்டவணைச் சாதிகள் கூட்டமைப்பின் கொடியிலிருந்து இன்றைக்குத் தெருமுனைச் சிலை வரை அது நம்மோடு வந்திருக்கிறது. பையில் நீலம் ஏறுவதை நான் எதிர்ப்பதாகத் தோழர்கள் நினைக்க வேண்டாம்.

சாயப்பட்டறைப் பெரியவர் சொன்ன இன்னொரு விசயம் மனதில் நிற்கிறது. "பழைய துணி ஒரே மாதிரிச் சாயம் குடிக்காது தம்பி. எண்ணெ ஊறின எடத்துல ஏறாது. இத்த எடத்துல கூட ஏறும். மறு தையல் நூலு பாலியஸ்டரா இருந்தா சுத்தமா ஏறாது. காக்கிக்கு மேல நீலம் போட்டா நீலமாவா நிக்கும்? பச்சையடிக்கும்." ஒரே தொட்டியில் முக்கி எடுத்தால் எல்லாம் ஒரே நிறம் ஆகிவிடும் என்று நம்புவது துணியைத் தெரியாதவன் நம்பிக்கை.

மக்களும் அப்படித்தான். பறையர், பள்ளர், அருந்ததியர், புதிரை வண்ணார் எல்லோரும் தலித் என்கிற ஒரே நீலத்தில் முக்கி எடுக்கப்பட்டவர்கள் என்று மேடையில் பேசுகிறோம். 2009இல் அருந்ததியருக்கு மூன்று சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது நம்மில் எத்தனை பேர் முகம் கோணினோம்? 2024இல் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொன்னபோதும் அதே முணுமுணுப்பு. நீலத்தின் மேல் தப்பில்லை. கீழே இருக்கிற கறையைக் கேட்காமல் மேலே பூசுவதில்தான் தப்பு. பூசினாலும் அது ஒருநாள் மேலே தெரியும், திட்டுத்திட்டாக.

பைக்குத் தையல் போட்டது தேனியில் ரோட்டோரம் செருப்புத் தைக்கிற அருந்ததியர் அண்ணன் ஒருவர். கித்தான் தைக்கத் தையல் மிசின்காரர்கள் மறுத்துவிட்டார்கள், ஊசி முறியும் என்று. அவர் நூலில் மெழுகு தேய்த்து, குத்தூசியால் ஒவ்வொரு துளையாகப் போட்டு, கிழிசலுக்கு உள்பக்கமாக ஒட்டுப் போட்டுத் தைத்தார். ஒட்டுக்கு வாங்கிப்போன புதுக் கித்தானைத் திருப்பிக் கொடுத்து, "ரெண்டு தடவ நனைச்சுக் காயப் போட்டுக் கொண்டா, இல்லன்னா பெறகு சுருங்கிப் பழசையும் சேத்து இழுத்துரும்" என்றார். தாத்தாவின் கதையை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒங்க தாத்தாவத் தெருவுல பூட்ஸக் கழட்டச் சொன்னாங்க. எங்க தாத்தா அந்தப் பூட்ஸ் தச்சவரு. அவர ஒங்க தெருவுலயே செருப்பக் கழட்டச் சொன்னீங்க." கோபமாகச் சொல்லவில்லை. ஊசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு பூட்ஸ் கதையை முன்பு சொன்னதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்ல என்னால் முடியவில்லை.

7

பை இப்போது மருமகனிடம் இருக்கிறது. என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன்.

பூந்திக்கொட்டைத் தண்ணியில் ஊற வைத்து, பச்சைத் தண்ணியில் நாலு தடவை அலசினோம். சோடா வாடையும் பூஞ்சை வாடையும் போய்விட்டன. நாற்றம் போவது அவனுடைய உரிமை. பித்தளைக் கொக்கிகளைப் புளி வைத்துத் தேய்த்து, புளிப்பு தங்காமல் உடனே கழுவித் துடைத்தோம். தங்கினால் மறுபடி களிம்பு பிடிக்கும். மூடியோரக் கறை அப்படியே இருக்கிறது. எண்ணில் மிச்சமிருக்கிற இலக்கங்கள்மேல் யாரும் கை வைக்கவில்லை. போன இரண்டு இலக்கங்களைக் குத்துமதிப்பாக எழுதி நிரப்பலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். மறுத்துவிட்டேன். என் தப்பும் அந்தப் பையின் வரலாறுதான். அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.

இற்றுப்போன பட்டைகளுக்குப் பதிலாகப் புதுப் பருத்திப் பட்டை வாங்கினோம். அதற்கு எப்படியும் ஒரு நிறம் வேண்டும். மருமகன் அதை நீலத்தில் முக்கினான். புதுசு என்பதால் நன்றாக ஏறியது. தோளில் படுகிற இடம் நீலம், முதுகில் கிடக்கிற பை பழைய நிறம். இது சமரசம்தான் என்று அவன் சொன்னான். ஆமாம், சமரசம்தான்.

அவன் அம்மாவைக் கூப்பிட்டு அந்தக் கறையின் கதையை முழுசாகக் கேட்டான். அப்பத்தாவைப்போலப் பொருள்களைத் தரையில் நேர்கோட்டில் அடுக்கிக் காட்டச் சொன்னான். புத்தகம், தண்ணி பாட்டில், சாப்பாட்டு டப்பா என்று அவள் அடுக்கிக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நடுவில் அவள் அழுதாள்.

நாளைக்கு அவனுக்கு மனசு மாறி முழுப் பையையும் நீலத்தில் முக்கினாலும் நான் தடுக்கப் போவதில்லை. பை அவன் முதுகில் இருக்கிறது, பதில் சொல்ல வேண்டியவன் அவன். ஆனால் இனிமேல் அவன் தெரியாமல் முக்க முடியாது. எதை மூடுகிறோம் என்று தெரிந்துதான் மூட வேண்டியிருக்கும். ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு இதைத்தான் கொடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கல்லூரியில் முதல் நாளே ஒரு பையன் கேட்டானாம், "எங்கடா வாங்குன இந்தப் பைய? இந்தக் கறயெல்லாம் மிசின்ல போட்டதா?"

"இல்ல, எங்க அப்பத்தா போட்டது" என்று சொல்லியிருக்கிறான். முறைப்படி அவனுக்கு அது அம்மாவின் அப்பத்தா. அவன் அப்பத்தா என்றே சொன்னான்.